நால்வர் ஆட்டமும் தனியாள் ஆட்டமும்

விருதுநகர் மாவட்டத்தில், சிவகாசி நகரை ஒட்டி அமைந்துள்ள விஸ்வநத்தம் என் ஊர். அது கரிசல் மண். வானம் பார்த்த பூமி. மழை பொய்த்துவிட்டால் உழவரும் வேறு தொழில் தேடவேண்டும். அவ்வாறு தேடியபோது எங்கள் வட்டாரத்துக்கு வாய்த்தவை தீப்பெட்டி, அச்சு, பட்டாசு ஆகிய மூன்று தொழில்கள். 1920களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். தீப்பெட்டிக்கு மேலே ஒட்டுவதற்குப் படம் வேண்டியிருந்தது. அதனால் அச்சுத் தொழில் தழைத்தது. 1940களில் பட்டாசுத் தொழிலும் வேரூன்றியது. இவ்வூர் மக்களின் உழைப்பைக் கண்டவர்கள் சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று பாராட்டினார்கள். ஆயினும் வரலாற்றுக் கண்கொண்டு நோக்கினால், நாங்கள் கடன்பட்டிருப்பது சீன நாட்டுக்கே ஆகும். வெடிமருந்து அங்கே தோன்றியது. காகிதம் அங்கே தோன்றியது. அச்சுக்கலையும் அங்கேதான் முதலில் தோன்றியது.

இவ்வாறு சீனத்தின் கலைகளால் வாழும் ஊரிலே, சீனத்தின் விளையாட்டு ஒன்றைப் பற்றி நான் சாட்சி சொல்ல நேர்ந்தது. அந்தக் கதையையே இன்று மாணவ நண்பர்களாகிய உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

என்னிடம் பள்ளியில் வரலாறு பயின்ற மாணவன் ஒருவன், படிப்பை முடித்தபின் பட்டாசு வேலைக்குச் சென்றான். விபத்து ஒன்றில் அவனுடைய இரு கைகளும் வெந்துவிட்டன. உயிர் பிழைத்தான், ஆனால் பல மாதங்கள் வீட்டுக்குள்ளேயே கிடக்க நேர்ந்தது. நான் பார்க்கச் சென்றபோது, கட்டுகளுக்கு வெளியே வலக்கையின் ஒரு விரல் நுனி மட்டுமே தெரிந்தது. தலையணைமேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியின் திரையை அந்த விரலால் தொட்டுத் தொட்டு அவன் ஏதோ ஆடிக்கொண்டிருந்தான். தந்தத்தின் நிறமுடைய சிறு காய்கள் அந்தத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. ஒரு காயில் வட்டங்கள். மற்றொன்றில் மூங்கில் கணுக்கள். வேறொன்றில் சீன எழுத்து. ஒத்த காய்கள் இரண்டைத் தொட்டால் அவை மறைந்தன. இளமையில் தீப்பெட்டிப் படங்களைத் தெருவெல்லாம் பொறுக்கிச் சேர்த்து, ஒத்த படத்தோடு ஒத்த படத்தை இணைத்து ஆடிய எனக்கு அந்த ஆட்டம் முற்றிலும் அயலாகத் தோன்றவில்லை.

அவனுடைய தந்தையாருக்கு அது பிடிக்கவில்லை. "பொழுது விடிந்தால் இதே வேலைதான் சார். கை குணமாவதற்குள் புத்தி மழுங்கிவிடும் போலிருக்கிறது" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார்.

மகன் விடவில்லை. "இது வெறும் விளையாட்டு இல்லை அப்பா. சீனாவிலே மூவாயிரம் ஆண்டுகளாக ஆடுகிறார்களாம். இதோ, இதிலேயே எழுதியிருக்கிறது. நீங்களே சொல்லுங்கள் சார்!" என்று என்னைப் பார்த்தான்.

அந்தப் பார்வையிலே ஒரு வேண்டுதல் இருந்தது. வேலை செய்ய முடியாமல் கிடக்கிறோமே என்று அவன் உள்ளூரக் கூசியிருந்தான். தான் செய்வது வீண்வேலை அன்று என்று காட்ட அவனிடம் இருந்த ஒரே ஆதாரம் அந்த மூவாயிரம் ஆண்டுகள். "நன்றாகத் தெரிந்துகொண்டு வந்து சொல்கிறேன், தம்பி" என்று விடைபெற்றேன்.

நூல்களைத் தேடிப் படித்தபோது அறிந்தவற்றை முறையாகக் கூறுகிறேன். அந்தக் காய்கள் 'மாஜாங்' என்னும் ஆட்டத்துக்கு உரியவை. அப்பெயரை எழுதும் சீன எழுத்துகள் சிட்டுக்குருவியைக் குறிப்பன. மூங்கில் இனத்தின் முதற் காயில் பெரும்பாலும் ஒரு பறவையின் உருவமே பொறிக்கப்பட்டிருக்கும். இது தனியாள் ஆட்டம் அன்று. சதுர மேசையைச் சுற்றி நால்வர் அமர்ந்து ஆடுவது.

காய்கள் மொத்தம் 144. வட்டம், மூங்கில், எழுத்து என மூன்று இனங்கள்; ஒவ்வோர் இனத்திலும் ஒன்று முதல் ஒன்பது வரை எண்கள்; ஒவ்வோர் எண்ணுக்கும் நான்கு காய்கள். இவை 108 ஆகும். நாற்றிசைக் காற்றுகளுக்கு 16 காய்கள். செம்மை, பசுமை, வெண்மை என்னும் மூன்று நாகங்களுக்கு 12 காய்கள். மலர்களுக்கும் பருவங்களுக்கும் 8 காய்கள். காய்களைக் கவிழ்த்துப் போட்டுக் கலைத்து, நான்கு மதில்களைப் போல அடுக்குவார்கள். ஆளுக்குப் பதின்மூன்று காய்கள் எடுத்துக்கொள்வார்கள். பின்பு முறைவைத்து மதிலிலிருந்து ஒரு காயை எடுப்பதும், வேண்டாத காய் ஒன்றைக் கழிப்பதுமாக ஆட்டம் நடைபெறும். மூன்று ஒத்த காய்கள், அல்லது ஒரே இனத்தில் அடுத்தடுத்த எண்ணுள்ள மூன்று காய்கள் ஒரு தொகுதி ஆகும். நான்கு தொகுதிகளும் ஓர் இணையும் முதலில் சேர்ப்பவரே வென்றவர். நம் வீடுகளில் சீட்டாடும் பெரியவர்களைக் கண்டவர்களுக்கு இந்த முறை எளிதில் விளங்கும்.

விளங்குவதில் வியப்பில்லை, ஏனெனில் இக்காய்களுக்கு மூதாதை சீட்டே. மிங் மரபினர் சீனத்தை ஆண்ட காலத்தில், அதாவது 1368 முதல் 1644 வரையிலான காலப்பகுதியில், 'மாதியாவ்' என்னும் காகிதச் சீட்டாட்டம் வழங்கியது. நாற்பது சீட்டுகளைக் கொண்டு நால்வர் ஆடும் ஆட்டம் அது. சீனருடைய பழைய சீட்டுகளில் காசுக் குறிகள் இடம்பெற்றிருந்தன. மாஜாங் காயிலுள்ள வட்டம் நடுவில் துளையுள்ள செப்புக்காசைக் குறிக்கும். மூங்கிலைப் போலத் தோன்றுவது, துளைவழியே கயிறு கோத்துக் கட்டிய காசுச்சரம். மூன்றாம் இனத்தில் உள்ள எழுத்து 'பத்தாயிரம்' என்று பொருள்படும். ஆகவே, காகிதத்தில் இருந்த பணக்குறிகளே பிற்காலத்தில் எலும்பிலும் மூங்கிலிலும் ஏறின. முன்புறம் எலும்பும் பின்புறம் மூங்கிலுமாகப் பொருத்திச் செதுக்கிய காய்களைச் சீனத் தச்சர்கள் செய்தார்கள்.

இந்த மாற்றம் எப்பொழுது நிகழ்ந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் என்பது ஆராய்ச்சியாளர் பலரும் ஒப்பும் முடிவு. இன்று அருங்காட்சியகங்களில் உள்ள மிகப் பழைய காய்த் தொகுதிகள் 1870களில் சேகரிக்கப்பட்டவை. ஆகவே, நம் நாட்டில் முதல் இருப்புப் பாதை போடப்பட்ட காலத்தை ஒட்டியே இந்த ஆட்டமும் உருப்பெற்றது எனலாம். மூவாயிரம் ஆண்டுகள் எங்கே? இருநூறு ஆண்டுகள் கூட நிறையவில்லை.

அப்படியானால் அந்தப் பெரும் பழமைக் கதை எங்கிருந்து வந்தது? அது கடைத்தெருவில் பிறந்தது. ஜோசப் பாப்காக் என்னும் அமெரிக்கர், எண்ணெய் நிறுவனம் ஒன்றின் அலுவலராகச் சீனத்தில் சூச்சௌ நகரில் பணிபுரிந்தார். அவர் ஆட்ட விதிகளை எளிமைப்படுத்தி 1920இல் ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலாக எழுதினார். காய்களில் ஆங்கில எண்களையும் பொறிக்கச் செய்தார். 1922 முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் அமெரிக்க நாடு முழுவதும் மாஜாங் மோகம் பற்றி எரிந்தது. காய் செய்யும் எலும்பு போதாமல், சிகாகோ நகரத்து இறைச்சிக் கூடங்களிலிருந்து மாட்டெலும்பு சீனத்துக்குக் கப்பலேறியது. அங்கே செதுக்கப்பட்டு மீண்டும் அமெரிக்காவுக்கே வந்தது. விற்பனை பெருகப் பெருகக் கதைகளும் பெருகின. கன்பூசியஸ் பெருமானே இதை இயற்றினார் என்று கூட விளம்பரம் செய்தார்கள். அவர் வாழ்ந்தது கி.மு. 551 முதல் 479 வரை! பழமையைப் பூசினால் பண்டம் விற்கும் என்பதை வணிகர் நன்கு அறிந்திருந்தனர்.

மோகம் தணிந்தபின்பும் ஆட்டம் நிலைத்தது. 1937இல் நியூயார்க் நகரத்துப் பெண்கள் கூடித் தேசிய மாஜாங் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். ஜப்பானில் அதற்கு வேறு விதிகள் பிறந்தன. சீனத்தில் 1949க்குப் பின் சூதாட்டம் தடை செய்யப்பட்டபோது, பணயம் வைத்து ஆடப்பட்ட மாஜாங்கும் ஒடுக்கப்பட்டது. பின்னர் 1998இல் அந்நாட்டு விளையாட்டுத் துறையே பணயமில்லாப் போட்டிக்கெனப் பொது விதிகளை வகுத்தது. பினாங்கிலும் சிங்கப்பூரிலும் குடியேறிய தமிழர்களுக்குச் சீனர் வீடுகளிலிருந்து எழும் காய்களின் கலகலப்பு பழகிய ஓசை. நம் நாட்டிலும் படை அதிகாரிகளின் குடும்பங்களிடையே இந்த ஆட்டம் பரவியிருக்கிறது.

இவ்வளவும் நால்வர் ஆட்டத்தின் வரலாறு. ஆனால் என் மாணவன் ஆடியது இது அன்றே! அவனுக்கு எதிராளி இல்லை; மதில் இல்லை; கழிப்பதும் சேர்ப்பதும் இல்லை. காய்கள் அதே காய்கள், ஆட்டமோ வேறு. அந்தத் தனியாள் ஆட்டம் எங்கே தோன்றியது? இந்த வினாவுக்கு விடை தேடியபோதுதான் நான் எதிர்பாராத ஒரு மனிதரைச் சந்தித்தேன்.

அவர் பெயர் பிராடி லாக்கார்டு. அமெரிக்காவில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றவர். உடல்வித்தைப் போட்டிகளில் வல்ல இளைஞர். 1979இல் துள்ளுமேடையில் பயிற்சி செய்தபோது விழுந்து அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்தது. காற்றிலே பறந்து சுழன்ற உடல் கட்டிலோடு கட்டுண்டது. இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் 1960இல் பாடம் கற்பிப்பதற்கென்று தொடங்கப்பட்ட 'பிளேட்டோ' என்னும் கணிப்பொறி அமைப்பு அப்போது பல இடங்களுக்கும் பரவியிருந்தது. லாக்கார்டு ஒரு கோலை வாயில் கவ்வி, அதன் நுனியால் விசைகளை ஒவ்வொன்றாக அழுத்தி, அந்த அமைப்பிலே ஓர் ஆட்டத்தை எழுதினார். 1981இல் அது உருப்பெற்றது. அதுவே மாஜாங் காய்களைக் கொண்டு ஒருவர் தனித்து ஆடும் ஆட்டம். 1986இல் ஆக்டிவிஷன் நிறுவனம் அதை 'ஷாங்காய்' என்னும் பெயரில் வெளியிட்டது. அதன்பின் அது வீட்டுக் கணிப்பொறிகளிலும், பிறகு கைப்பேசிகளிலும் புகுந்து உலகெங்கும் பரவியது.

'ஆமை' என்னும் பழைய சீன ஆட்டம் ஒன்றைத் தழுவியதே இது என்று அப்போது சொல்லப்பட்டது. ஆனால் அத்தகைய ஆட்டத்துக்கு உறுதியான பழஞ்சான்று எதுவும் காட்டப்படவில்லை. கடைத்தெருவின் பழைய பழக்கம் இங்கும் தொடர்ந்தது போலும்!

அந்த ஆட்டத்தின் இயல்பைச் சிறிது கூறுவேன். 144 காய்களும் ஆமை வடிவில் ஐந்து அடுக்குகளாக வைக்கப்படும். அடித்தளத்தில் 87, அதன்மேல் 36, அதன்மேல் 16, பின்பு 4, உச்சியில் 1. தன்மேல் வேறு காய் இல்லாமலும், இடப்புறமோ வலப்புறமோ அடைபடாமலும் இருக்கும் காயையே எடுக்கலாம். ஒத்த இரு காய்களைச் சேர்த்து எடுக்கவேண்டும். இவ்வாறு 72 இணைகளையும் எடுத்து முடித்தால் வெற்றி. கேட்பதற்கு எளிது. ஆனால் ஒவ்வொரு காய்க்கும் இணையாகக்கூடியவை மூன்று உள்ளன. அவற்றுள் எதை இப்போது எடுப்பது, எதைப் பின்னர் எடுப்பது என்பதிலே அறிவு வேண்டும். அவசரப்பட்டு எடுத்த ஓர் இணை, இருபது இணைகளுக்கு அப்பால் வழியை அடைத்துவிடும். எவ்வளவு திறமையாக ஆடினாலும் தீராத அடுக்குகளும் சில உண்டு. 2012இல் வெளிவந்த கணித ஆராய்ச்சி ஒன்று, ஆமை வடிவத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ மூன்று அடுக்குகள், மறைந்த காய்கள் அனைத்தும் தெரிந்திருந்தாலும், தீர்க்கவே முடியாதவை என்று கண்டது. மற்றத் தோல்விகளுக்கு நாமோ, நமக்கு மறைந்திருப்பவையோ காரணம்.

இரண்டு ஆட்டங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நால்வர் ஆட்டத்தில் ஒருவன் கட்டுகிறான். தனியாள் ஆட்டத்தில் ஒருவன் பிரிக்கிறான். முன்னதில் பிறர் மனத்தை ஊகிக்கவேண்டும். பின்னதில் தன் அவசரத்தை அடக்கவேண்டும். முன்னது கூட்டத்தின் இன்பம். பின்னது தனிமைக்குத் துணை.

தனிமைக்குத் துணையாகும் ஆட்டம் என்றதும் எனக்கு என் பாட்டியாரின் நினைவு வந்தது. பல்லாங்குழி இருவர் ஆடும் ஆட்டம். பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழிகள் உடையது. துணைக்கு ஆள் இல்லாத நடுப்பகல்களில் என் பாட்டியார் புளியமுத்துகளைக் கொண்டு தனியே ஒன்று ஆடுவார். அதைச் 'சீதைப் பாண்டி' என்பார். அசோகவனத்தில் சிறையிருந்த சீதாபிராட்டி பொழுது போக்க ஆடியது அது என்பது மக்கள் வழக்கு. அவர் ஆடிய முறை இது. ஒரு வரிசையின் ஏழு குழிகளில் முறையே ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என முத்துகளை இடவேண்டும். ஏழு முத்துள்ள குழியை வாரி, அடுத்த குழியிலிருந்து ஒவ்வொன்றாக இட்டுக்கொண்டே போய், கடைசிக் குழியைக் கடந்ததும் முதற் குழிக்குத் திரும்பவேண்டும். இப்போது பாருங்கள்: ஆறு இருந்த குழியில் ஏழு, ஐந்து இருந்த குழியில் ஆறு, வாரிய குழியில் ஒன்று. பழைய வரிசையே ஓர் இடம் தள்ளி நிற்கிறது! மறுபடியும் ஏழு உள்ள குழியை வாரவேண்டும். இவ்வாறு ஏழு முறை வாரினால், தொடங்கிய நிலை மாறாமல் திரும்ப வந்துவிடும். இதில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை, முடிவும் இல்லை. காத்திருப்பவர்க்கு ஏற்ற ஆட்டம். சீதை ஆடினாள் என்பதற்கு வரலாற்றுச் சான்று கேட்பது வீண். தனித்திருந்த பெண் ஒருத்தி தன்னைப் போலவே தனித்திருந்த மற்றொருத்தியை நினைத்து இட்ட பெயர் அது என்றே கொள்ளலாம்.

மீண்டும் ஒருநாள் என் மாணவனிடம் சென்றேன். உண்மையைச் சொல்வதா என்று வழியெல்லாம் தயங்கினேன். நொந்து கிடக்கும் இளைஞனுடைய ஊன்றுகோலைப் பறிக்கலாமா? ஆனால் வரலாறு கற்பித்தவன் பொய்க்குச் சாட்சி சொல்வது எங்ஙனம்? "தம்பி, அந்த மூவாயிரம் ஆண்டு உண்மையில்லை. காய்களுக்கே இருநூறு வயது ஆகவில்லை. நீ ஆடும் ஆட்டம் 1981இல் பிறந்தது" என்றேன். அவன் முகம் வாடியது. தந்தையாரை ஓரக்கண்ணால் பார்த்தான்.

பின்பு லாக்கார்டின் கதையைச் சொன்னேன். வாயில் கவ்விய கோலைப் பற்றிச் சொன்னபோது அவன் எழுந்து உட்கார முயன்றான். "ஒவ்வோர் எழுத்தாகவா சார் அழுத்தினார்? கழுத்து வலிக்காதா?" என்று கேட்டான். பிறகு வெகுநேரம் தன் ஒற்றை விரலையே பார்த்துக்கொண்டிருந்தான். தந்தையார் ஒன்றும் பேசவில்லை. எழுந்து சென்று, சரிந்திருந்த தலையணையை நிமிர்த்தி, கைப்பேசியை மகன் கண்ணுக்கு நேராக வைத்தார்.

கட்டுகள் அவிழ்ந்தபின், மடங்காத விரல்களை மடக்கிப் பழகவேண்டும் என்று மருத்துவர் கூறினார். நான் என் பாட்டியாரின் பல்லாங்குழிப் பலகையை அவனுக்குக் கொடுத்தேன். முதல் நாள் ஒரு முத்தை எடுக்கவே அவன் வியர்த்துப் போனான். சில வாரங்களில் ஏழு முத்துகளையும் வாரி இடக் கற்றான். எதிர்ப்பக்கத்தில் அவனுடைய தந்தையார் அமர்ந்து ஆடியதையும் நான் கண்டேன்.

மாணவ நண்பர்களே, பழமை போற்றத்தக்கதே. ஆனால் பழையது என்று யாரேனும் சொன்னால், எங்கே சான்று என்று கேட்பது வரலாறு கற்பவரின் முதற் கடமை. அவ்வாறு கேட்பதால் ஒன்றின் பெருமை குறைந்துவிடும் என்று அஞ்சவேண்டுவதில்லை. விளம்பரத்தில் பிறந்த மூவாயிரம் ஆண்டுகளை நீக்கிய இடத்தில், கட்டுண்ட உடலோடு ஓயாமல் உழைத்த ஒரு மனிதரின் முகம் எனக்குத் தெரிந்தது. என் மாணவனுக்கு வேண்டியிருந்த சாட்சி அதுவே.